காப்பர்-டி போடும்போது வலிக்கு மருந்து கேட்கலாமா?

கைக்குழந்தையோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அடுத்த வாரம் கருத்தடைக்குக் காப்பர்-டி போட வரச் சொல்லியிருக்கிறார்கள், பரிசோதனை அறையிலேயே போடுவார்களாம், வலிக்கு ஏதாவது கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள்.

கேளுங்கள் தங்கச்சி. ஆனால் படுக்கையில் ஏறிய பிறகு அல்ல, இன்றைக்கே போன் பண்ணிக் கேளுங்கள்.

நான் புதுக்கோட்டையிலிருந்து இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. ஒருமுறை உதிரப்போக்கு நிற்காமல் ஒரு கிளினிக்கில் கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து பரிசோதனைக்காகச் சதை எடுத்தார்கள். "சிக்கிட் சாஜா, தாஹான் யா" என்று மலாயில் சொன்னார்கள். கொஞ்சம்தான், பொறுத்துக்கொள் என்று அர்த்தம். அடிவயிற்றைப் பிடித்து முறுக்கியது போல இருந்தது. வெளியே மாமியார் உட்கார்ந்திருந்தார், சத்தம் போடவும் வெட்கம். எழுந்ததும் கண் இருட்டி விழுந்துவிட்டேன். மருந்து கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே பரிசோதனை, வேறு இடம். இந்த முறை முன்னாடியே கேட்டேன். கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடம் காத்திருந்தார்கள். ஊசி சுருக்கென்றது உண்மை. அப்புறம் இழுப்பது தெரிந்ததே தவிர அந்த முறுக்கல் இல்லை.

காப்பர்-டி போடும்போது கர்ப்பப்பை வாயை ஒரு கிடுக்கியால் பிடிப்பார்கள், மெல்லிய கம்பியால் ஆழம் அளப்பார்கள், பிறகுதான் உள்ளே வைப்பார்கள். லிடோகெயின் என்ற மரப்பு மருந்து ஸ்ப்ரேயாகவும், களிம்பாகவும், ஊசியாகவும் இருக்கிறது. இங்கே எல்லாரும் பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு போ என்பார்கள். அந்த வகை மாத்திரை பிறகு வரும் இழுத்துப்பிடிக்கும் வலிக்கு நல்லது, போடும் நேரத்து வலியை அவ்வளவாகக் குறைக்காது. வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன் என்று எழுதியிருந்தீர்கள். சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கு வலி கூடுதலாக இருக்கலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இது செல்லம் கொஞ்சுவது இல்லை. 2024-இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், வலிக்கு என்ன செய்யலாம் என்று பெண்களிடம் முன்கூட்டியே பேசச் சொல்லி, லிடோகெயினையும் குறிப்பிட்டது. 2025 மே மாதம் அங்குள்ள மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பும் அதையே சொன்னது.

மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், மலாயில் இப்படிக் கேளுங்கள்: "போலே பாகி பியுஸ் செதெம்பாட்?" அந்த இடத்தை மட்டும் மரக்கவைக்கும் மருந்து தருவீர்களா என்று பொருள். நடுவில் தாங்க முடியாவிட்டால் "பெர்ஹெந்தி". நிறுத்துங்கள் என்ற அந்த ஒரு சொல்லையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அங்கே அந்த வசதி இல்லை என்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரச் சொல்லுங்கள். முழு மயக்கம் வேண்டுமென்றால் ஆபரேஷன் தியேட்டர், பட்டினி, கூட்டிப்போக ஆள் எல்லாம் வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், ஊசிக்குத் தனியாக எவ்வளவு என்றும் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

கைலி ஒன்றும் பேடும் எடுத்துப் போங்கள். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள், பத்து நிமிடம் படுத்திருங்கள். காய்ச்சல் வந்தாலோ வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே திரும்பிப் போங்கள். அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் தனியாக வராதீர்கள், வீட்டுக்காரரை லீவு போடச் சொல்லுங்கள்.