விட்ட பந்துகளும் ஸ்கோர்தான்: டெஸ்ட் பேட்டிங் கேள்வி பதில்

டிவிஷன் லீக்கில் பல வருஷம் ஓப்பனிங் ஆடியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். ஓப்பனர் புத்தி, அடித்ததைவிட விட்டதைப் பற்றியே பேசுவேன்.

கேள்வி: அண்ணா, என் பையனுக்கு 12 வயசு. ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகிற பந்தையெல்லாம் துரத்திப்போய் ஸ்லிப்பில் (கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பவரிடம்) கேட்ச் கொடுக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மிடில் ஸ்டம்ப் கார்டு எடுக்கச் சொல்லுங்கள், அதாவது மட்டையை நடு ஸ்டம்ப்புக்கு நேராக வைத்து நிற்கட்டும். பந்து பவுலர் கையை விடும் நேரத்தில் பின்கால் கொஞ்சம் குறுக்கே நகரட்டும். வலக்கை ஆட்டக்காரன் என்றால் இப்போது அவன் வலது கண் ஆஃப் ஸ்டம்ப்புக்கு மேலே வந்துவிடும். அந்தக் கண்ணுக்கு வெளியே விழுந்து நேராகப் போகிற பந்தை விடலாம். (உள்ளே வருகிற பந்து அடுத்த பாடம்.) விடும்போது கையை உயர்த்தட்டும், கண் மட்டும் கீப்பர் கிளவுஸ் வரை பந்தோடு போகட்டும்.

தினமும் 24 த்ரோடவுன் (பக்கத்திலிருந்து கையால் எறியும் பந்து) போடுங்கள். ஃபோருக்கு மார்க் கிடையாது, சரியாக விட்ட பந்துக்கு ஒரு மார்க். முதல் நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான், கண்டுகொள்ளாதீர்கள்.

கேள்வி: சச்சின் கவர் டிரைவே ஆடாமல் இரட்டை சதம் அடித்தாராமே, நிஜமா?

பதில்: நிஜம். 2004 ஜனவரி, சிட்னி. அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே மட்டையை நீட்டி அவுட் ஆகிக்கொண்டிருந்தார். இங்கே 436 பந்து ஆடி 241 நாட் அவுட். ஆஸ்திரேலிய பவுலர்கள் தூண்டிலை வெளியே போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அலுத்துப்போய் ஸ்டம்ப்புக்குப் போட, லெக் சைடில் ஃபோர் போனது.

கேள்வி: ஷாட் ஆடாமல் பேடை நீட்டினால், ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே பட்டால் எல்பிடபிள்யூ (ஸ்டம்ப்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்து அவுட்) கிடையாதுதானே?

பதில்: உண்டு! மட்டையால் ஆட முயன்றிருந்தால்தான் வெளியே பட்டதற்கு மன்னிப்பு. முயலவில்லை, பந்து ஸ்டம்ப்பில் படும் என்று அம்பயர் நினைத்தால் அவுட். லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே பிட்ச் ஆனால் மட்டும் எப்படியும் அவுட் இல்லை.

முன்பு இந்த விதி இல்லை. 1957ல் எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்தின் பீட்டர் மே, காலின் கவுட்ரி இருவரும் வெஸ்ட் இண்டீஸ் சுழல் பவுலர் ராமதீன் பந்தைப் பேடாலேயே தடுத்துத் தடுத்து 411 ரன் பார்ட்னர்ஷிப் போட்டார்கள். பாவம், அந்த ஒரே இன்னிங்ஸில் ராமதீன் 98 ஓவர் வீசினார். எனக்கு அந்த ஆட்டம் பிடிக்காது.

கேள்வி: தடுத்த பந்தைக் கையால் தள்ளினால்?

பதில்: அவுட். 2023 டிசம்பரில் மிர்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக வங்கதேசத்தின் முஷ்ஃபிகுர் ரஹீம் அப்படித்தான் போனார். இத்தனைக்கும் பந்து ஸ்டம்ப் பக்கம்கூட போகவில்லை.

கேள்வி: பிராட்மனின் அந்த 4 ரன்?

பதில்: கடைசி இன்னிங்ஸில் 4 ரன் எடுத்திருந்தால் டெஸ்ட் சராசரி 100 ஆகியிருக்கும். 1948 ஓவல், இங்கிலாந்தின் ஹாலிஸ் வீசிய இரண்டாவது பந்து, பூஜ்யத்தில் போல்டு. சராசரி 99.94ல் நின்றது. முந்தைய டெஸ்ட்டில் லீட்ஸில் பிராட்மன் 173 நாட் அவுட்டாக எதிரே நிற்க, வெற்றி ஃபோரை அடித்தவர் நீல் ஹார்வி. அந்த ஃபோர் மட்டும் பிராட்மன் மட்டையிலிருந்து வந்திருந்தால்!

கேள்வி: விஹாரி 161 பந்தில் 23 ரன். இதையெல்லாம் சாதனை என்கிறீர்களே சார்?

பதில்: ஆமாம், என்கிறேன். 2021 சிட்னி, கடைசி நாள், ஐந்து விக்கெட் போயாச்சு. விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்து ஓட முடியாது. அஸ்வினுக்கு அன்று காலை குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத முதுகுவலி. சிங்கிள் எடுக்கவே யோசிக்க வேண்டிய ஜோடி, 40 ஓவருக்கு மேல் நின்று டிரா செய்தது. ஸ்டம்ப் மைக்கில் அஸ்வின் விஹாரியிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தது கேட்டது. அந்த மேட்சின் ரெக்கார்டிங் கிடைத்தால் ஹைலைட்ஸ் பார்க்காதீர்கள், கடைசி செஷனை முழுசாகப் பாருங்கள்.