ரெய்ன் பசேரா கேள்வி-பதில்: தூண் நம்பரையும் சேர்த்து எழுதுங்கள்

ரெய்ன் பசேரா என்றால் வீடற்றவர்கள் ராத்திரி தங்கும் அரசுக் காப்பகம். நவம்பர் 15 ஆனதும் டெல்லியில் வீடற்றவர்களுக்கான குளிர்கால ஏற்பாடு தொடங்கும், எனக்குக் கேள்விகளும் வர ஆரம்பிக்கும். மார்ச் 15 தாண்டினால் இரண்டுமே நின்றுவிடும். மே மாத வெயிலில் நடைபாதையில் கிடப்பவரைப் பற்றி இதுவரை ஒருத்தர்கூட எனக்கு எழுதியதில்லை. சரி, வந்தவற்றுக்குப் பதில்.

கரோல் பாக் வாசகர்: மெட்ரோ தூணுக்குக் கீழே ஒரு பெரியவர் தினமும் படுத்திருக்கிறார். யாரிடம் சொல்வது?

எந்தத் தூண் சார்? டெல்லி மெட்ரோக்காரர்கள் தூணுக்குத் தூண் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை எழுத உங்களுக்கு ஒரு வரி ஆகாதா? காப்பகங்களை நடத்தும் டெல்லி அரசு வாரியமான டூசிப்பின் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் பண்ணலாம், இல்லையென்றால் ரெய்ன் பசேரா ஆப்பில் போட்டோவும் இடமும் அனுப்பலாம், ராத்திரி மீட்பு வண்டி வரும். ஆனால் வெறும் "கரோல் பாக்" என்று சொன்னால் அந்த வண்டிக்காரர் எங்கே போய்த் தேடுவார்? தூண் நம்பர், ரோட்டின் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் படுக்க வருகிறார், இந்த மூன்றும் வேண்டும். முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வர மாட்டேன் என்பவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆள் விறைத்துப்போய்ப் பேச்சுக் குளறினால் மட்டும் இதையெல்லாம் பார்க்காமல் 102க்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ்.

முனிர்கா வாசகி: காப்பகத்தில் சேர ஆதார் வேண்டுமா?

வேண்டாம். அடையாள அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வாசலில் அடம் பிடித்தால் அங்கிருந்தபடியே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுங்கள். ஆதார் இருந்தாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ், ஜெராக்ஸ், ஜெராக்ஸ்.

மதுரையிலிருந்து வந்தவர்: அப்பாவை எய்ம்ஸுக்குக் கூட்டி வந்திருக்கிறோம். ஊரில் சொந்த வீடு இருக்கிறது. காப்பகத்தில் தங்குவது தப்பாகுமா?

மதுரையில் மாடி வீடு இருந்தால் டெல்லியில் உங்களுக்குக் குளிராதா? இன்று ராத்திரி படுக்க இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எய்ம்ஸ், சப்தர்ஜங் பக்கத்துக் காப்பகங்களில் உங்களைப் போல நோயாளியோடு வந்தவர்கள் நிறைய. சாயங்காலமே போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் கஷ்டம். ஓ.பி. சீட்டு ஒரிஜினல் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஆர்.கே.புரம் வாசகர்: அரசாங்கம் இவ்வளவு காப்பகம் கட்டியும் இவர்கள் நடைபாதையை விடுவதில்லை. பழகிப்போய்விட்டது, போதை, அவ்வளவுதானே?

வருஷத்துக்குப் பத்துத் தரமாவது இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு தரமும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தரம் அவ்வளவு பொறுமை இல்லை.

காரி பாவ்லியில் மசாலா மூட்டை இழுக்கிறவருக்குச் சொத்து என்று இருப்பது வாடகைக்கு எடுத்த ஒரு கைவண்டி. அதைக் காப்பகத்துக்குள் கொண்டுபோக முடியாது. வெளியே விட்டால் காலையில் இருக்காது, இருக்காவிட்டால் முதலாளிக்கு இவர்தான் பணம் கட்ட வேண்டும், அதனால் வண்டி மேலேயே படுத்துக்கொள்கிறார். கல்யாண வீட்டில் தட்டுக் கழுவிவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவருக்குக் காப்பகத்தில் எந்த மூலை மிச்சம் இருக்கும்? புருஷன் ஆண்கள் காப்பகத்துக்கும் பெண்டாட்டி பெண்கள் காப்பகத்துக்கும் போக வேண்டும் என்றால், அந்தக் குடும்பம் பிளைஓவருக்குக் கீழே சேர்ந்தே படுத்துக்கொள்ளும், குடும்பத்தோடு தங்கும் இடங்கள் அவ்வளவு குறைவு. மூட்டைப்பூச்சியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நானே ஒரு காப்பகத்தில் ஒரு வாரம் படுத்துப் பார்த்தேன், நாலாம் நாள் செருப்பைக் காணோம். பக்கத்தில் படுத்திருந்தவர் சிரித்தார். அவர் தன் ஷூவைத் துண்டில் சுற்றித் தலைக்கு வைத்திருந்தார்.

கணக்குக்கு வருவோம். ஐந்து லட்சத்துக்கு மேல் ஜனம் உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், ஒவ்வொன்றிலும் 100 பேர் தங்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011இல் டெல்லி ஜனத்தொகை சுமார் 1.7 கோடி. ஆக 170 காப்பகம், 17,000 இடம். அதே 2011 கணக்கெடுப்பில் டெல்லியில் வீடற்றவர்கள் ஏறக்குறைய 47,000 பேர். இன்று டெல்லியில் கிட்டத்தட்ட 200 காப்பகம் ஓடுகிறது, விதிப்படி பார்த்தால் பாஸ், தலையை எண்ணினால் பெயில். அந்த 47,000மே பிப்ரவரி 28 ஒரே ராத்திரியில் எண்ணியது. அந்த நேரத்தில் ஆசாத்பூர் மண்டியில் லாரிக்குக் கீழே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரை யார் எண்ணியிருப்பார்கள்? ஆளுக்கு 50 சதுர அடி என்றும் ஒரு விதி உண்டு. ஒரு நாள் அளவு டேப் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள் சார்.

காப்பகத்துக்குப் போனவர்களுக்கு மட்டும் நிலையான இடமா என்ன? 2009 டிசம்பர் குளிரில் பூசா ரோட்டில் இருந்த தற்காலிகக் காப்பகத்தை எடுத்தார்கள், அதற்குப் பிறகுதான் நீதிமன்றங்கள் இதில் இவ்வளவு தூரம் இறங்கின. 2023இல் சராய் காலே கானில் ஒரு காப்பகத்தையே இடித்தார்கள். இவ்வளவும் பார்த்த ஆள் நடைபாதையே மேல் என்று நினைத்தால் அதற்குப் பெயர் போதையா?

ஜங்புரா பக்கத்திலிருந்து: எங்கள் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பை இடித்த பிறகு அண்ணனுக்கு நரேலாவில் வீடு கிடைத்தது, எனக்கு இல்லை. காப்பகத்தில் சேர்ந்தால் எனக்கும் வீடு வருமா?

வராது தம்பி. இரண்டையும் நடத்துவது டூசிப்தான், ஆனால் ஜுக்கிக்கு, அதாவது குடிசைக்கு, மாற்று வீடு வேறு கணக்கு, காப்பகம் வேறு கணக்கு. 2025 ஜூனில் இடித்த 370 வீடுகளில் முதலில் தகுதி என்று வந்தது 190 பேரை ஒட்டித்தான். உங்கள் ஜுக்கி 2015 ஜனவரி 1க்கு முன்பே இருந்ததா, அப்போதைய வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்ததா, மாடியில் இருந்தவர் என்றால் தனி ரேஷன் கார்டு இருந்ததா, இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. ஏன் தள்ளினார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்.

நிஜாமுதீன் வாசகர்: முகவரி இல்லாதவர் வாக்காளர் அட்டை வாங்க முடியுமா?

முடியும். படிவம் 6இல் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம், வீட்டு ஆதாரம் கேட்க மாட்டார்கள். பி.எல்.ஓ. என்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து ஆள் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்ப்பார், ஒரு நாளோடு விட மாட்டார். அவர் வருகிற ராத்திரிகளில் கல்யாண வேலைக்குப் போய்விடாதீர்கள்.

பெயர் போடாதவர்: தமிழ்நாட்டு ரேஷன் கார்டுக்கு டெல்லியில் அரிசி கிடைக்குமா?

கார்டில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றோ பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றோ இருந்தால் கிடைக்கும், வேறு மாநிலக் கார்டுக்கும் ரேஷன் தரும் திட்டம் 2021இலிருந்து இங்கேயும் உண்டு. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாதது) என்றால் கிடைக்காது. கார்டை எடுத்துப் பாருங்கள், அப்புறம் கடைக்காரரோடு சண்டைக்குப் போகலாம்.

மயூர் விஹார் வாசகி: சிக்னலில் பிச்சை எடுப்பவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் விடுதியில் போட்டுவிடலாமே?

பிச்சை எடுத்ததற்காக அப்படிப் பிடிக்கும் சட்டப் பிரிவுகளை 2018 ஆகஸ்டிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது அம்மா. குழந்தை தனியாக நின்றால் மட்டும் குழந்தைகள் உதவி எண் 1098.

லோதி காலனி வாசகர்: ஐம்பது கம்பளி வாங்கி வைத்திருக்கிறோம். எங்கே கொடுக்கலாம்?

வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். டிசம்பரில் ஒரே ஆள் மேல் நாலு கம்பளி வந்து விழும், பகலில் வைக்க இடம் கிடையாது, மூன்றை வந்த விலைக்கு விற்றுவிடுவார், நானாக இருந்தாலும் விற்பேன். அடுத்த தடவை ஷூ, சாக்ஸ், பேப்பர் நனையாமல் கழுத்தில் தொங்கவிட ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, முடிந்தால் ஒரு காப்பகத்துக்குப் பூட்டுப் போடும் இரும்பு அலமாரி. இந்த ஐம்பதை ஏப்ரல் வரை வீட்டிலேயே வைத்திருந்து, குளிர்காலக் கூடாரங்களைப் பிரித்த பிறகு கொடுங்கள், அப்போது கீழே விரித்துப் படுக்கவாவது ஆகும். எந்தக் காப்பகம் என்று மறுபடி எழுதிக் கேட்பீர்கள், அப்போது எத்தனை ஷூ, என்ன சைஸ் என்பதையும் எழுதுங்கள்.