விதைக்கு விடும் மிளகாய்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று ரக மிளகாயை அருகருகே வைத்திருந்தோம். நீளக் காயிலிருந்து எடுத்த விதையில் சில செடிகள் குண்டுக் காய் காய்க்கின்றன. விதை எடுத்தபோது காயில் வித்தியாசமே தெரியவில்லையே?

பதில்: தெரியாது. காயின் தோலும் சதையும் தாய்ச்செடியுடையவை. கலப்பு விதைக்குள் இருக்கிறது. முளைத்துக் காய்த்த பிறகே வெளிப்படும். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பது பாதி உண்மைதான். தேனீ நடமாட்டத்தைப் பொறுத்து அயல் மகரந்தச் சேர்க்கை சில சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரைகூடப் போகும். (கருப்பு விதையுள்ள ரோகோட்டோ என்ற மிளகாய் இனம் பக்கத்தில் இருந்தால் பயமில்லை, மற்ற நான்கு சாகுபடி இனங்களோடு அது எளிதில் சேராது.)

கலப்பைத் தடுக்க, மொட்டு விரியுமுன் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, அதில் ஏற்கெனவே விரிந்த பூ, பிஞ்சு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். மெல்லிய வலைத்துணிப் பையை மாட்டி, வாயில் பஞ்சு சுற்றிக் கட்டுங்கள். இல்லையென்றால் எறும்பு நுழையும். தினமும் காலையில் கிளையை லேசாக உலுக்க வேண்டும். பட்டாணி அளவுப் பிஞ்சு வந்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் மறக்காமல் வண்ண நூல் கட்டுங்கள். நூல் இல்லாத காய் சமையலுக்கு.

கேள்வி: நன்றாகக் காய்த்த ஒரு செடியின் விதை போதாதா?

பதில்: ஒரு ரகத்தை அழிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. நாட்டு ரகம் என்பது ஒன்றுபோலவே இருக்கும் செடிகளின் கூட்டமல்ல. வறட்சி தாங்குவது, நோய் தாங்குவது, பிந்திக் காய்ப்பது எல்லாம் ஆளுக்கொரு செடியில் ஒளிந்திருக்கும். குறைந்தது 20 செடிகளிலிருந்து, செடிக்குச் சம எண்ணிக்கையில் விதை எடுத்துக் கலந்து வையுங்கள். அதிகம் காய்த்த செடிக்கு அதிகப் பங்கு வேண்டாம். இலை சுருண்டு தேமல் படிந்த செடியை மட்டும் விலக்குங்கள். சில வைரஸ்கள் விதைத்தோலில் ஒட்டியே அடுத்த பயிருக்கு வரும்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்தும் விதை முளைக்கவில்லை.

பதில்: ஈரத்தோடு மூடியிருப்பீர்கள். நன்கு பழுத்த காயில் எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, அதே எடை சிலிக்கா ஜெல்லுடன் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) காற்றுப் புகாத பாட்டிலில் ஒரு வாரம் வையுங்கள். வளைத்தால் விதை முறிய வேண்டும். துவண்டால் இன்னும் காயவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்த பாட்டிலை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்கவும். குளிர்ந்த விதையில் காற்றின் ஈரம் படியும்.