கணையப் புற்றுநோயும் இரவில் வந்த காய்ச்சலும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய். பெரிய இரத்தக்குழாயைச் சுற்றியிருப்பதால் இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை முடியாது என்று கூறி, காமாலைக்காகப் பித்தநாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கீமோதெரபி கொடுக்கிறார்கள். 9 கிலோ குறைந்துவிட்டார். மலம் எண்ணெய்ப் பசையாகப் போவதால் எண்ணெய், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கஞ்சியும் ரசம் சாதமும் மட்டுமே கொடுக்கிறேன், அதையும் தள்ளிவிடுகிறார். நான் சரியாகக் கவனிக்காததால்தான் இப்படி மெலிகிறாரா? சர்க்கரையை அறவே நிறுத்த வேண்டுமா? முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கலாமா? குழந்தைகளுக்குத் தொற்றுமா? எனக்கும் வருமா? இணையத்தில் ஆறு மாதம் என்று போட்டிருக்கிறதே? சென்ற மாதம் இரண்டு முறை இரவில் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, பாராசிட்டமால் கொடுத்ததும் விட்டுவிட்டது. இரண்டாவது முறை அவர் காலையில்தான் சொன்னார். வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். புற்றுநோய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நடுக்கத்துடன் வந்த அந்த இரண்டு காய்ச்சல்களையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இதுவரை சொல்லவில்லை என்றால், இதைப் படித்து முடித்ததும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த கீமோ தேதி வரை அதை வைத்திருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற எல்லாக் கேள்விகளும் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் கணையத்தின் தலைப்பகுதி வழியாகவே சிறுகுடலில் இறங்குகிறது. அங்கே கட்டி வளர்ந்து நாளத்தை நெருக்கியதால்தான் உங்கள் தந்தைக்குக் காமாலை வந்தது. அதைத் திறந்து வைக்கத்தான் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டின் வெளிப்புற விட்டமே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான், உள்வழி அதைவிடக் குறுகியது. பித்தக் கசடும் குடலிலிருந்து ஏறும் கிருமிகளும் படிந்து, பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் அது அடைபடத் தொடங்கும். சிலருக்கு அதற்கு முன்பேகூட. அரைகுறையாக அடைபட்ட நிலையில் தேங்கும் பித்தத்தில் கிருமிகள் பெருகி இரத்தத்தில் கலக்கும்போது, பற்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம் கண்டு, காய்ச்சல் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கியும் விடும். அது தணிந்துவிட்டதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாராசிட்டமால் உடல் வெப்பத்தைத்தான் இறக்கும், கிருமிகளை ஒன்றும் செய்யாது. கண் மீண்டும் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறமாவது, மலம் வெளுப்பது, உடல் அரிப்பது ஆகியவை கூடவே வரலாம். ஆனால் அவை வரட்டும் என்று காத்திருப்பவர்கள் சில நேரங்களில் இரத்த அழுத்தம் விழுந்த பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள்.

இதோடு கீமோவையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு, பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நாள்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல்கூட அவசரநிலைதான். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் ஊசியை மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. கீமோவன்று வாந்தியைத் தடுக்கக் கொடுக்கப்படும் டெக்ஸாமெத்தசோன் காய்ச்சலை மறைக்கவும் கூடும் என்பதால், வெப்பமானி 99 காட்டினாலும் நடுக்கம் இருந்தால் நடுக்கத்தையே நம்புங்கள்.

“கீமோ போட்டால் காய்ச்சல் வரத்தான் செய்யும்” என்று உங்கள் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். சில கீமோ மருந்துகளாலும், வெள்ளணுக்களை ஏற்றப் போடும் ஊசியாலும் காய்ச்சல் வருவதுண்டு. ஆனால் அந்த முடிவுக்கு இரத்த அணுக்களையும் கல்லீரல் செயல்பாட்டையும் பரிசோதித்து, இரத்தத்தில் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் மாதிரி எடுத்த பிறகு மருத்துவர் வரலாம். நள்ளிரவில் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டில் யாரும் அந்த முடிவுக்கு வர முடியாது.

ஆகவே டிஜிட்டல் வெப்பமானி ஒன்று கட்டில் அருகிலேயே இருக்கட்டும். மாத்திரை கொடுக்கும் முன் வெப்பத்தை அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். 100.4 அல்லது அதற்கு மேல், அல்லது நடுக்கம், இரண்டில் எது வந்தாலும், எந்நேரமானாலும் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு நான்கு நாள் மாத்திரையோடு திரும்புவது பாதி மருத்துவம்; அது நோயை மறைத்துவிடும், அடைப்பை நீக்காது. அவசரப் பிரிவில் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம், “கீமோ நடக்கிறது, பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருக்கிறது” என்பதாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்டென்ட் வைத்த தேதியும் கையில் இருந்தால், உள்ளே இருக்கும் மருத்துவர் ஒரு மணி நேரத் தேடலை மிச்சப்படுத்துவார். அடைப்புத்தான் என்றால் எண்டோஸ்கோப்பி மூலம் ஸ்டென்ட்டை மாற்றுவார்கள். அப்போது, அதிக நாள் அடைபடாமல் இருக்கும், ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் விரியக்கூடிய உலோக ஸ்டென்ட் பொருந்துமா என்று கேளுங்கள்.

இரண்டாவது முறை அவர் காலையில்தான் சொன்னார் என்கிறீர்கள். காமாலைக் கட்டி என்றோ வயிற்றுப் புண் என்றோ நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, இரவில் வரும் நடுக்கத்துக்காக மகளை எழுப்ப வேண்டும் என்று ஏன் தோன்றப்போகிறது? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ வார்டில் பிற நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் 61 வயது மனிதர் எதையுமே ஊகிக்கவில்லை என்று நான் நம்பவில்லை. நீங்கள் அவருக்காக மறைக்கிறீர்கள், அவர் உங்களுக்காகத் தெரியாதவர்போல் இருக்கிறார் என்பதே பெரும்பாலான வீடுகளின் நிலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. “உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், அப்பா?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசும் வரை பொறுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே காட்டுவார். மீதியை அவருடைய மருத்துவர் அவரை எதிரில் வைத்துச் சொல்லட்டும்.

இனி, உங்கள் கடிதத்தில் உண்மையில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி: உங்கள் கவனக் குறைவால்தான் தந்தை மெலிகிறாரா? இல்லை. இந்த நோயில் இரண்டு காரணங்களால் உடல் உருகுகிறது. ஒன்று, கட்டியும் அதை எதிர்க்கும் உடலும் சுரக்கும் சில பொருள்கள் பசியை அடக்கித் தசையைக் கரைக்கின்றன. எவ்வளவு கைப்பக்குவம் உள்ளவர் சமைத்தாலும் இதை முழுவதும் ஈடுகட்ட முடியாது. மற்றொன்று திருத்தக்கூடியது, அதை நீங்களே அறியாமல் எழுதியிருக்கிறீர்கள். மலம் எண்ணெய்ப் பசையாக, நாற்றத்தோடு, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் மிதக்கிறதென்றால், உணவைச் செரிக்க வைக்கும் கணைய நொதிகள் குடலை வந்தடையவில்லை என்று பொருள். அவர் சாப்பிடுவதில் ஒரு பகுதி உடம்பில் ஒட்டாமலே வெளியேறுகிறது. நீங்கள் கொழுப்பை நிறுத்தியதும் மலம் சற்றுச் சீரானதுபோல் தோன்றியிருக்கும். அதற்கு விலையாக, உணவிலேயே அதிகச் சக்தி தரும் பொருளையும் பறித்துவிட்டீர்கள்.

இதற்கு மருந்து, கணைய நொதிக் காப்ஸ்யூல். அறுவைச் சிகிச்சை செய்ய முடியாத கணையப் புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுக்க முன்வர வேண்டும் என்று பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நம் ஊரிலும் இது கிடைக்கிறது. ஆயினும் கீமோவின் பரபரப்பில் எழுதித் தர மறந்துவிடுகிறோம் என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எத்தனை யூனிட் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்: முதல் கவளத்தோடு ஒன்று, அளவு கூடுதலாக இருந்தால் சாப்பாட்டின் நடுவில் மற்றொன்று. வெறும் வயிற்றிலோ, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகோ போட்டால் வீண். மெல்லக் கூடாது; சூடான காபியோடு விழுங்கவோ, கொதிக்கும் கஞ்சியில் பிரித்துப் போடவோ கூடாது. ஒரு டம்ளர் பாலுக்கும்கூட இது தேவை. இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவினரும் இஸ்லாமியரும் அதை அறிந்தே முடிவெடுக்கட்டும். ஜீரணத்துக்கென்று மருந்துக் கடைகளில் விற்கும் சிரப்புகள் இதற்கு ஈடாகா.

நொதி தொடங்கிய பிறகு நெய்யும் எண்ணெயும் மேசைக்குத் திரும்பலாம். மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டை விட்டுவிட்டு, ஐந்தாறு முறை சிறிது சிறிதாக முட்டை, மீன், பருப்பு, தயிர், வேர்க்கடலை, எள்ளுருண்டை என்று கொடுங்கள். அவர் மறுத்தால் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்சியும் கோபித்தும் ஊட்டும் ஒவ்வொரு வேளையும் உங்கள் இருவருக்கும் அடுத்த வேளையைக் கசப்பாக்கும். எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தெம்புக்காகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஒரு பாட்டிலில் ஒரு தோசையின் அளவுக்குக்கூடத் தெம்பு தேறுவது அரிது. முந்தைய நாள் சாப்பிட்டது மறுநாள் அப்படியே வாந்தியானால் மட்டும், கட்டி சிறுகுடலை அடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மற்றவற்றை விரைவாக முடித்துவிடுகிறேன். சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, மெலியும் மனிதரைப் பட்டினி போடாதீர்கள். அவருக்கு நீரிழிவு இருந்தால் மருந்தையோ இன்சுலினையோ சரிசெய்வதே வழி. இது தொற்றுநோய் அன்று. பேரக்குழந்தைகள் தாத்தாவின் மடியிலேயே விளையாடட்டும். கீமோ முடிந்த 48 மணி நேரம் அவருடைய வாந்தி, சிறுநீர், மலத்தைச் சுத்தம் செய்பவர் கையுறை அணிந்தால் போதும். முள்சீத்தாவைப் பொறுத்தவரை, ஆய்வகத் தட்டில் செல்கள் மடிந்ததை மனிதர்கள் பிழைத்ததாக விற்கிறார்கள். கரீபியத் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் மிகுதியாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் காணப்பட்டதை எவரும் ஃபார்வர்டு செய்வதில்லை. கீமோவையும் காமாலையையும் சுமக்கும் கல்லீரலுக்குக் கஷாயம் எதுவும் வேண்டாம்.

அந்த ஆறு மாதக் கணக்கு, ஜெம்சிடபின் என்ற ஒரே மருந்து மட்டும் இருந்த காலத்தில், நோய் பரவிவிட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பரவிய நிலையிலேயே, ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் 11.1 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஜெம்சிடபின் பிரிவில் அது 6.8. உங்கள் தந்தைக்கு நோய் பரவியதாக நீங்கள் எழுதவில்லை. ஆகவே இந்த எண்கள் இரண்டுமே அவருடையவை அல்ல. சில சுற்றுகளுக்குப் பிறகு ஸ்கேனில் இரத்தக்குழாயைச் சுற்றிய பகுதி விலகினால் அறுவைச் சிகிச்சை பற்றி மறுபடி பேசலாம். அனைவருக்கும் அப்படி நேர்வதில்லை. குணமாகிவிடும் என்று எழுதி உங்களை ஏமாற்றவும் மாட்டேன். ஸ்டீவ் ஜாப்ஸ் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தாரே என்று யாராவது சொன்னால், அவருக்கு வந்தது மெதுவாக வளரும் வேறு வகைக் கணையக் கட்டி என்று சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கும் வருமா என்பது நியாயமான கேள்வி. கணையப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பரம்பரைக் காரணம் இருக்கிறது. பிஆர்சிஏ உள்ளிட்ட மரபணுக்களுக்கான இரத்தப் பரிசோதனையை உங்களுக்குச் செய்யாமல் முதலில் தந்தைக்குச் செய்யச் சொல்லுங்கள். முடிவு அவருடைய மருந்துத் தேர்வையே மாற்றக்கூடும், உங்கள் கேள்விக்கும் அதுவே விடை தரும்.

கடைசியாக வலி. மருந்துக் கடை டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள்; கீமோவால் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அது இரத்தக் கசிவுக்கு வழிவிடும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காய்ச்சலையும் மறைக்கும். கணையத்தின் வலி முதுகுக்குப் பாய்வது, படுத்தால் கூடுவது. அதற்கு மார்ஃபின் தேவைப்பட்டால் அது கடைசிக் கட்டத்தின் அடையாளம் அன்று, அளவாகக் கொடுத்தால் போதைப் பழக்கமும் ஆகாது. மாத்திரைக்கு அடங்காத வலிக்கு வயிற்றின் பின்புறத்தில் உள்ள நரம்புப் பின்னலில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையும் உண்டு. நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்குக் கீமோ நடக்கும்போதே பரிந்துரை கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் வேண்டுமென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். மார்ஃபின் எழுதித் தரும்போது மலமிளக்கியையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால், மலச்சிக்கல் தாங்காமல் அவரே வலி மாத்திரையை நிறுத்திவிடுவார்.