பழைய நாஸ் பெட்டி பூட் ஆகவில்லை: ரீசெட் செய்யலாமா?

பத்து ஆண்டுகளாக ஓடிய, இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட நாஸ் (NAS, வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும்) பெட்டி, கரண்ட் போய் வந்த பிறகு நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டே நிற்கிறது, நெட்வொர்க்கில் தென்படவில்லை, ரீசெட் பொத்தானை அழுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். பழுது எந்த இடத்தில் என்று தெரியாமல் இயங்குதளத்தின் மீது கை வைத்தால், சாதாரணக் கோளாறும் தரவுச் சிக்கலாக வளர்ந்துவிடும்.

முதலில் பெட்டியை அணைத்து, டிஸ்க்குகளில் ஒன்று, இரண்டு என்று மார்க்கரால் எழுதி வெளியே எடுத்துவிட்டு, வெறும் பெட்டியை ஆன் செய்யுங்கள். டிஸ்க் இல்லாதபோது அது பீப் ஒலி எழுப்பி, லேன் (நெட்வொர்க் கேபிள்) விளக்கும் எரிந்தால், போர்டு (உள்ளே உள்ள முதன்மை மின்சுற்றுப் பலகை) பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்றே கொள்ளலாம். அப்போது சந்தேகம் டிஸ்க் மீதும், அதைவிட அதிகமாக அடாப்டர் மீதும் விழ வேண்டும்.

சென்ற ஆண்டு கத்திரி வெயிலில் என் மடிப்பாக்கம் வீட்டுப் பெட்டி இதே போலப் படுத்தது. மின்விசிறி ஒரு விநாடி சுழலும், டிஸ்க் எழ முயன்று 'டிக்' என்று அடங்கும், பிறகு மறுபடி முதலிலிருந்து. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது அடாப்டரில் 12.1 வோல்ட் சரியாகக் காட்டியதால், அதைக் குற்றமற்றது என்று விட்டுவிட்டு இரண்டு நாள் போர்டைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர், "சும்மா வோல்டேஜ் பாத்தா எல்லாமே நல்லாத்தான் சார் காட்டும், லோடு குடுத்துப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் இணைத்தார். பல்பு மங்கலாகச் சிவந்தது. மீட்டர் எட்டு வோல்ட்டுக்கு இறங்கியது.

காரணம் எளிது. மூன்றரை அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் மட்டும் 12 வோல்ட்டில் ஏறத்தாழ இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டருக்குள் மின்னைத் தேக்கிச் சீராக்கும் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல உலர்ந்துவிட்டால், அந்த ஒரு கணத்தை அவற்றால் தாங்க முடியாது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் கணக்கு. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் காற்றோட்டமின்றிக் கிடக்கும் அடாப்டர் சென்னை வெயிலில் பத்து ஆண்டு தாங்கியதே பெரிது.

புதிதாக வாங்கும்போது வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னின் துருவக் குறியையும் (நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதை) ஒப்பிடுங்கள். உள்துளை 2.1, 2.5 மில்லிமீட்டர் என இரண்டு அளவில் வரும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது என்பதால் பழையதைக் கையோடு கொண்டு போவதே நல்லது.

வெறும் பெட்டியும் எழவில்லை, நல்ல அடாப்டரிலும் அப்படியே நிற்கிறது என்றால், போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், செலவு சொற்பம். உங்கள் பெட்டியில் இன்டெல் ஆட்டம் சி2000 வகை சிப் இருந்தால், அதன் கடிகார சிக்னல் சில ஆண்டுகளில் நின்றுபோகக்கூடும் என்ற குறை 2017-இல் வெளிவந்ததையும் நினைவில் வையுங்கள்.

போர்டே போயிருந்தாலும் கோப்புகள் போய்விட்டதாக அர்த்தமில்லை. வீட்டு நாஸ் பெரும்பாலானவை, பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு (RAID) முறைக்கு லினக்ஸின் மென்பொருளையே பயன்படுத்துகின்றன; ஆகவே ரெய்டு 1 முறையில் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு) இருந்த ஒரு டிஸ்க்கை, பென் டிரைவிலிருந்து உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) ஓடும் கணினியில் இணைத்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் திறந்து நகலெடுக்கலாம். விண்டோஸ் கணினியில் செருகினாலோ, 'இனிஷியலைஸ் செய்யட்டுமா' (புது டிஸ்க் போலத் தயார் செய்யட்டுமா) அல்லது 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கலாம். வேண்டாம் என்றே அழுத்துங்கள்.