ஸ்கான் ரிப்போட்: வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

எக்ஸ்ரே, ஸ்கான் பகுதியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு உங்கள் கிளினிக் டொக்டருடையது.

முள்ளியவளை: அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். ஈரலில் 8 மில்லிமீற்றர் 'லீஷன்' என்று ரிப்போட் சொல்கிறது. பரவிவிட்டதா அண்ணை?

அந்த ஒரு சொல்லை வைத்து அழாதேங்கோ தங்கச்சி. வித்தியாசமாகத் தெரிகிற எதையும் அப்படித்தான் எழுதுவார்கள். ஈரலில் நீர்க்கட்டியும் இரத்தக்குழாய்க் கட்டியும் நிறையப் பேருக்கு உண்டு, அவை புற்றுநோய் இல்லை. ரிப்போட்டின் கடைசியில் 'இம்பிரெஷன்' என்ற முடிவுப் பகுதியைப் பாருங்கள். இன்னதென்று சொல்ல முடியாத அளவு சிறிது என்று அங்கே இருந்தால், அடுத்த ஸ்கான்தான் பதில் சொல்லும். கூகிள் சொல்லாது.

புதுக்குடியிருப்பு: அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள். 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு முதுகில் இருக்கிறது. பயமில்லையா?

நம்ம பக்கத்து ஆட்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். தசைக்குள் பல வருடம் இறுகிப்போன துண்டென்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் பக்கமென்றால் கதை வேறு. முதுகு என்கிறீர்கள், அதனால் துண்டு எந்த இடத்தில் என்று முதலில் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். படிவத்தில் 'உலோகம் உண்டா' என்ற கேள்விக்கு அவசரத்தில் 'இல்லை' போட்டுவிடாதீர்கள். பழைய தழும்பு ஒவ்வொன்றையும் காட்டுங்கள். சிலருக்கு உள்ளே துண்டு இருப்பதே தெரியாது.

அதே துண்டு சீ.ரி. ஸ்கானுக்கும் (எக்ஸ்ரே கதிரால் எடுப்பது) தடையா?

இல்லை, அங்கே காந்தம் கிடையாது. ஆனால் துண்டைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் பாய்ந்து படம் மங்கும். 'ஆர்ட்டிஃபாக்ட்' என்று எழுதியிருந்தால் அதுதான், நோய் இல்லை.

பூநகரி: கீமோவுக்குப் பிறகும் மாமாவின் நுரையீரல் கட்டி 42 மில்லிமீற்றரிலிருந்து 39க்குத்தான் வந்தது. மருந்து வேலை செய்யவில்லையா?

அளவில் 30 வீதமாவது குறைந்தால்தான் 'குறைந்தது' என்பார்கள், 20 வீதம் கூடினால் 'வளர்ந்தது'. பல கட்டிகளென்றால் கூட்டுத்தொகையைப் பார்ப்பார்கள். மாமாவுக்கு 7 வீதம், ஆக 'ஸ்டேபிள்', அதாவது பெரிய மாற்றமில்லை. வளராமல் நிற்பதும் நல்ல சேதிதான். இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளக்கிற கையிலேயே மாறும். தெல்லிப்பளை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும்போது பழைய படங்களையும் சீடியையும் கொண்டுபோங்கள். ரிப்போட்டை மட்டும் கொண்டுபோனால் ஒப்பிட முடியாது.

செட்டிகுளம்: மாமிக்கு இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) கூடுதலாக இருக்கிறது. படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி ஸ்கான் எடுக்கலாமா?

வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் அதிகம், நல்ல கேள்வி. கடைசி இரத்தப் பரிசோதனைத் துண்டை ஸ்கான் அறையில் முதலில் நீட்டுங்கள். தேவையென்றால் மருந்து ஏற்றாமலே எடுப்பார்கள், அல்லது வேறு ஸ்கானுக்கு மாற்றுவார்கள். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குடிக்கிறா என்றால் அதையும் சொல்லுங்கள், சில நாள் நிறுத்தச் சொல்லலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.