பால் பல் விழும் வயது: கேள்வி-பதில்

மகனுக்கு 7 வயது. கீழ் முன்பல் விழும் முன்பே அதன் பின்னால், நாக்குப் பக்கமாக, புதுப்பல் முளைத்துவிட்டது. பிடுங்க வேண்டுமா?

இந்த முறை அதிகம் பேர் கேட்டிருப்பது இதுதான். பயப்பட ஒன்றுமில்லை. கீழ் முன்பற்கள் பால் பல்லுக்குப் பின்னால்தான் உருவாகின்றன. மேலே வரும்போது பால் பல்லின் வேர் கரைய வேண்டும். சிலருக்கு அது சரியாகக் கரையாமல் நின்றுவிடும். பால் பல் ஆடுகிறதா? அப்படியென்றால் தினமும் நாக்காலும் கழுவிய விரலாலும் ஆட்டிவிடச் சொல்லுங்கள், தானாக விழும். அப்புறம் நாக்கு தள்ளத் தள்ள புதுப்பல் முன்னே நகர்ந்துவிடும். ஓரிரு மாதமாகியும் அசையவே இல்லை என்றால் டாக்டரிடம் போய் எடுத்துவிடுங்கள். ஆனால் மேல் முன்பல் இப்படிப் பின்னால் முளைத்தால் காத்திருக்கக் கூடாது. கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாகப் போய் மாட்டிக்கொண்டால் தானாக வெளியே வராது.

பிள்ளைக்குப் பல் ஆடுகிறது. என்ன செய்வது?

வயது என்ன? எந்தப் பல்? இரண்டையுமே எழுதவில்லை. ஆறு வயதில் கீழ் முன்பல் ஆடினால் சந்தோஷம், எதுவும் செய்ய வேண்டாம். மூன்று வயதில் ஆடினால் எங்காவது விழுந்து அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். வயதைக் குறிப்பிடாமல் பல்லைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது?

ஏழு வயதாகியும் ஒரு பல்கூட விழவில்லை.

முதல் பல் தாமதமாக முளைத்த குழந்தைக்கு விழுவதும் தாமதமாகும். எட்டு வயதைத் தொட்டும் எதுவும் ஆடவில்லை என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

மகளுக்கு 6 வயது. கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை. டாக்டர் அடைக்கச் சொல்கிறார். எப்படியும் விழப்போகிற பல்தானே, எதற்கு வீண் செலவு?

“விழப்போற பல்தானே” என்ற பேச்சால் கெட்டுப்போன வாய்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். முன்பல் 6, 7 வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பல் எப்போது விழும் தெரியுமா? 10 முதல் 12 வயதுக்குள். உங்கள் மகள் இன்னும் நான்கைந்து வருடம் அதில்தான் மென்று சாப்பிட வேண்டும்.

சொத்தையை விட்டால் அது நரம்பைத் தொடும். ராத்திரி பிள்ளை வலியில் எழுந்து அழும். பிறகு ஈறில் சின்னதாக ஒரு சீழ்க் கொப்புளம் வரும். வலி நின்றுவிட்டதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். வலி நின்றது நரம்பு செத்ததால். கிருமி உள்ளேதான் இருக்கிறது. அந்தப் பால் பல்லின் வேர்களுக்கு நடுவேதான் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. சீழ் அதைத் தொட்டால் அது முளைக்கும்போதே பழுப்புக் கறையோடும் குழிகளோடும் வரலாம். சரி, பிடுங்கிவிடலாமே என்கிறீர்களா? பிடுங்கிய இடத்தை நோக்கிப் பின்னாலிருக்கும் பல் சாயும். கீழே காத்திருக்கும் பல்லுக்கு இடமிருக்காது. கோணலாக முளைக்கும், அல்லது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சீக்கிரம் எடுக்க நேர்ந்தால் இடம் காக்கும் கம்பி போடச் சொல்கிறோம். இப்போது அடைக்கும் செலவு, பின்னால் கிளிப் போடும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்று. பால் பற்கள் மொத்தம் இருபது. ஆறு வயதில் அவற்றுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, மேலும் கீழும் இரண்டிரண்டாக நான்கு பெரிய பற்கள் முளைக்கும். சத்தமில்லாமல் வருவதால் பெற்றோர் இவற்றையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். இவைதான் ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பற்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் ஓட்டை இருப்பதைக் காட்டினால், “இது விழுந்து முளைக்கும்ல டாக்டர்?” என்று கேட்கும் அப்பாக்களிடம் இல்லை என்று சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்றிரவே டார்ச் அடித்து மகளின் வாயில் கடைசிப் பல்லைப் பாருங்கள். முளைத்திருந்தால், அதன் பள்ளங்களை மூடும் பூச்சு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி பல் துலக்குவது உங்கள் கையால் நடக்கட்டும்.

புதுப்பல் மஞ்சளாக இருக்கிறது, ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிறது.

இயல்புதான். பால் பல் அதிக வெண்மை என்பதால் பக்கத்தில் இது மஞ்சளாகத் தெரியும். ஓரம் கடிக்கக் கடிக்கத் தேயும்.

9 வயது. மேல் முன்பற்களுக்கு நடுவே பெரிய இடைவெளி. கிளிப் போடலாமா?

அவசரப்படாதீர்கள். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானாகவே நெருங்கிவிடும். அதற்குப் பிறகும் இருந்தால் பார்க்கலாம்.

விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் போடச் சொல்கிறார் பாட்டி.

தாராளமாகப் போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

விளையாடும்போது அடிபட்டுப் பல் முழுசாக வெளியே வந்துவிட்டால்?

பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் பல் கெடும். நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் லேசாக அலசலாம், தேய்க்காதீர்கள். முடிந்தால் உடனே அதே குழியில் பொருத்தித் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒரு டம்ளர் ஆறின பாலில் போட்டு, அரைமணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். தாளிலோ கைக்குட்டையிலோ சுற்றிக் கொண்டுவந்தால் வேர் காய்ந்துவிடும்.